பயண டிரெய்லருக்கு 3000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றா, 2200 வாட்டில் இரண்டா?

கேள்வியில் இருப்பது வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள 120 வோல்ட், 30 ஆம்ப் டிரெய்லர். கூரையில் 13,500 பி.டி.யூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி. ஏசி இல்லையென்றால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை, 2200 ஒன்றே தாராளம். விளக்கு, பம்ப், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் அது அலட்டிக்கொள்ளாமல் சுமக்கும்.

முதலில் ஜெனரேட்டர் பெட்டிமேல் இருக்கும் வாட் எண்ணை நம்பாதீர்கள். அது சில விநாடிகள் மட்டுமே தாங்கும் உச்சம். ஹோண்டா ஈயு2200ஐ, யமஹா ஈஎஃப்2200ஐஎஸ் இரண்டும் தொடர்ந்து தருவது 1800 வாட்தான். ஹோண்டா ஈயு3000ஐஎஸ் தருவது 2800. உயரமான இடத்தில் இதுவும் குறையும்: ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம். 1800 மீட்டர் உயர மலை முகாமில் அந்த 1800 வாட் ஏறக்குறைய 1420 ஆகிவிடும். பெட்ரோலுக்குப் பதில் புரொப்பேன் கேஸில் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் போகும்.

ஏசி ஓடும்போது வெயிலைப் பொறுத்து 1500 முதல் 1700 வாட் இழுக்கும். தொல்லை அதுவல்ல, கம்ப்ரஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் 50 ஆம்பையும் தாண்டலாம். ஒற்றை 2200 அங்கேதான் மூச்சுத் திணறும்: ஓவர்லோட் விளக்கு எரியும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மின்சாரம் மட்டும் வராது. ஏசிக்குள் கம்ப்ரஸரை மெதுவாகக் கிளப்பும் ஸாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற கருவியைப் பொருத்தினால் இந்த உதைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எந்த ஜெனரேட்டர் வாங்கினாலும் இதைப் போட்டுவிடுங்கள் என்பேன்.

என் தேர்வு இரண்டு 2200, இரண்டின் மின்சாரத்தையும் ஒன்றுசேர்க்கும் பேரலல் கேபிளுடன். சேர்ந்தால் 3600 வாட். 30 ஆம்ப் டிரெய்லர் இழுக்கக்கூடியதும் அதேதான். ஹோண்டா 2200 ஒன்று 21 கிலோ சொச்சம், ஒருவரே தூக்கலாம். 3000ஐஎஸ் 59 கிலோ; வண்டியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆனால் இரவு முழுக்க ஏசி வேண்டும் என்பவர்கள் 3000 பக்கம் போவதே நல்லது. அதன் டேங்க் 13 லிட்டர், முழு லோடில் சுமார் 7 மணி நேரம் ஓடும். ஹோண்டா 2200-ல் 3.6 லிட்டர்தான்; முழு லோடில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 8 மணி நேரம் கால் லோடுக்கானது. சத்தத்துக்குச் சொல்லும் குறைந்த டெசிபல் கணக்கும் அப்படித்தான்.

ஏசி போடும் முறை: ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றுங்கள். சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் எக்கோ சுவிட்சை அணைத்து எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபேனை மட்டும் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு கூலிங். டிரிப் ஆனால் உடனே மறுபடி போடாதீர்கள். கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடம் விடுங்கள். ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போடுவது இரட்டை ஜெனரேட்டரில் மட்டுமே நடக்கும், அதுவும் பேட்டரி சார்ஜர் பெரிதாக இழுக்காத நேரத்தில்.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்புவது இன்னொன்று. டிரெய்லரின் பாதுகாப்புப் பெட்டி ‘எர்த் இல்லை’ என்று காட்டி மின்சாரத்தை உள்ளே விடாது. ஜெனரேட்டர் கெட்டுப்போகவில்லை, இவ்வகை ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. ஒரு 15 ஆம்ப் பிளக்கின் வெள்ளி நிற ஸ்குரூவையும் பச்சை ஸ்குரூவையும் 14 கேஜ் ஒயரால் இணைத்து, ஜெனரேட்டரில் காலியாக இருக்கும் சாக்கெட்டில் செருகினால் சரியாகிவிடும். பேரலலில் ஏதாவது ஒன்றில் போதும். அந்தப் பிளக்கில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். வீட்டுச் சாக்கெட்டில் அதைச் செருகவே கூடாது.

ஆயில் 10டபிள்யூ-30. 2200-க்கு சுமார் 0.4 லிட்டர் பிடிக்கும். முதல் 20 மணி நேரத்தில் மாற்றிவிட்டு, பிறகு 100 மணிக்கு ஒருமுறை. சரிவான தரையில் வைத்தால் ஆயில் குறைவென்று நினைத்து எஞ்சின் தானே நிற்கும். ஸ்டார்ட் ஆகாமல் வரும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கார்புரேட்டரில் மாதக்கணக்கில் கிடந்த பழைய பெட்ரோல்தான். மூட்டைகட்டும் முன் எரிபொருள் வால்வை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

வைக்கும் இடம் டிரெய்லரிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்து. உள்ளே கார்பன் மோனாக்சைடு (புகையில் இருக்கும் மணமற்ற விஷவாயு) அலாரம் வேலை செய்கிறதா என்று முதலில் அமுக்கிப் பாருங்கள். 3000ஐஎஸ்ஸை இறக்கச் சோம்பிக்கொண்டு டிரெய்லர் ஜன்னலடியில், வண்டியிலேயே வைத்து ஓட்டுபவர்கள் உண்டு. எடை முக்கியம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.