இரண்டு கிழமை விடுமுறையில் வடமராட்சிக்கு

தம்பி, ரொறன்ரோவில் படிப்பை முடித்து, வேலையும் நிரந்தர வதிவிடமும் கிடைத்த பிறகு முதல்முறை ஊருக்குப் போக நினைக்கிறீர்கள். அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் தனியே இருக்கிறார். வேலையிடத்தில் தருவதோ இரண்டு கிழமை. இவ்வளவு காசைக் கொட்டி இத்தனை குறுகிய நாளுக்குப் போவது சரியா, குடியுரிமை எடுக்கும்வரை பொறு என்று நண்பர் சொல்வதைக் கேட்பதா என்று எழுதியிருக்கிறீர்கள்.

போங்கள். நண்பர் சொன்னதும் பிழையில்லை, ஆனால் அது அவருடைய கதை. அவர் அகதியாக ஏற்கப்பட்டவராக இருக்க வேண்டும். எந்த நாட்டுக்குப் பயந்து வந்தோமோ அந்த நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கேயே போய்வந்தால், இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று கனடா அரசு வழக்குத் தொடரலாம். 2012 இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அந்த வழக்கில் தோற்றால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போய்விடும். நானும் அந்த வழியால் வந்தவன்தான். 1992 இல் வந்தேன், 1999 இல் குடியுரிமை எடுத்தேன், 2002 இல், போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை திறந்த பிறகே ஊர் மண்ணை மிதித்தேன். நடுவில் அப்பா காலமானார். செத்தவீட்டுக்குப் போகவில்லை.

மாணவராக வந்த உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நிரந்தர வதிவிட அட்டை கைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். அது தபாலில் வந்துகொண்டிருக்கும்போது விமானம் ஏறினால், திரும்புவதற்கு வெளிநாட்டிலிருந்தே தனிப் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிவரும். குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஊரில் நிற்கும் இரண்டு கிழமை அதை இரண்டு கிழமைதான் பின்தள்ளும். இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கும்வரை உங்களுக்கு விசாவும் தேவையில்லை. கனடாக் கடவுச்சீட்டை வைத்திருக்கும் நான், பிறந்த ஊருக்குப் போக அனுமதி எடுத்து வரிசையில் நிற்கிறேன்.

இரண்டு கிழமையோடு சனி ஞாயிறுகளைச் சேர்த்தால் 16 நாள். வெள்ளி இரவு இங்கே ஏறினால் வளைகுடாவில் விமானம் மாறி ஞாயிறு காலை கட்டுநாயக்காவில் இறங்கலாம். கொழும்புக்குள் போகவே போகாதீர்கள். வெள்ளவத்தையில் ஓர் இரவு தங்கிச் சாமான் வாங்குவோம் என்று தொடங்குகிறவர்கள் போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் தொலைக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்தே வாகனம் பிடித்து, புத்தளம், அனுராதபுரம் வழியாக வவுனியாவைத் தொட்டால் இருட்டும் நேரத்தில் வீட்டுப் படலையைத் திறந்துவிடலாம். தனி ஆள், காசைப் பார்க்க வேண்டும் என்றால் இரவு பஸ் இருக்கிறது. யாழ்தேவியில் போக ஆசையாக இருந்தால் அந்த நாளில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பாதை வேலை என்று அடிக்கடி நிறுத்திவிடுகிறார்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது கேட்க நன்றாக இருக்கும். சிறிய விமானம், உங்கள் பெட்டிகளை ஏற்றுவார்களா என்று முதலே கேளுங்கள்.

திரும்பும் வழியையும் கழித்தால் முழுசாகக் கையில் நிற்பது 11 நாள். அதிலும் முதல் மூன்று நாள் மத்தியானம் கண் சொருகும், அதிகாலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்து தெருநாய் குரைப்பதை எண்ணிக்கொண்டு கிடப்பீர்கள்.

இந்தப் 11 நாளை ஊரார் தின்றுவிடுவார்கள், தம்பி. 2003 இல் நான் போனபோது முகமாலைச் சோதனைச்சாவடியில் பைகளை இரண்டு தரம் கிண்டிக் கொட்டியது கூட மறந்துவிட்டது, அதற்குப் பிறகு ஏறி இறங்கிய 23 வீடுகள் மறக்கவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போகாமல் விட முடியுமா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதிரை, ஒரு தட்டில் பிஸ்கட், ஒரு கிளாஸ் நெக்டோ. நாலாவது வீட்டில் வயிறு ஊதிப்போய், வேண்டாம் என்றால் 'வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் குடிக்க மனமில்லை' என்பார்கள். அம்மா ஒவ்வொரு மத்தியானமும் சோற்றைக் கோப்பையில் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது இரண்டே இரண்டு தரம்.

2024 தை மாதம் வேறுவிதமாகச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி, முற்றத்தில் பெரிய சட்டியில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழ் காய்ச்சினோம். வந்தவர்களைப் பார்த்ததோடு சரி. கோபித்துக்கொண்ட இரண்டு பேர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

அப்படி மிஞ்சிய நாட்களில்தான் வீட்டைப் பார்த்தேன். அம்மா கைத்தொலைபேசியில் பேசும்போது எப்போதும் சாமிப் படங்கள் இருக்கும் சுவரோடுதான் இருப்பார். அந்தச் சுவர் நன்றாக இருந்தது. எதிர்ச் சுவரில், ஓடு விலகி மார்கழி மழை இறங்கிய கறை தரைவரை வந்திருந்தது. கட்டிலை அவரே தனியாக இழுத்து நகர்த்தியிருக்கிறார். அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒரு பிஸ்கட் பேணி. உள்ளே பிரஷர் குளிசை அட்டைகள், ஒவ்வொன்றிலும் பாதி. நாளுக்கு இரண்டு என்று எழுதிக் கொடுத்ததை அவர் ஒன்றாகப் போட்டு வந்திருக்கிறார். ஏன் அம்மா என்றால், "2022 இல மருந்து இல்லாமல் சனம் பட்ட பாடு உனக்குத் தெரியுமோ? திரும்ப வந்தால் என்ன செய்யிறது?" என்றார். கிழமைக்கு மூன்று தரம் பேசுகிறேன், ஒவ்வொரு முறையும் "ஒரு குறையுமில்லை" என்றவர் இவர்தான்.

அடுத்த கிளினிக் நாளில் அவரோடு மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போய், வாங்கில் மூன்று மணிநேரம் இருந்தேன். கிளினிக் கொப்பியை அவர் டாக்டரிடம் நீட்டிய கையோடு நான் பேணியையும் நீட்டினேன். அம்மா என்னை முறைத்தார். ஆனால் அன்றோடு பிரஷருக்குக் காரணம் தெரிந்தது, கொப்பியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுவித்தேன். கூரை ஓடு மேய ஆள் பிடித்தது அதற்கு அடுத்த நாள். முழுச் செலவும் என் டிக்கெட்டில் கால்வாசிகூட வரவில்லை.

செலவைப் பற்றிக் கேட்டதற்கு இதுதான் பதில். சொக்லேட்டுப் பெட்டிகளைக் குறையுங்கள், வழியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் காசை வீட்டுத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழா பார்க்க ஆசைதான், ஆனால் டிக்கெட் விலை ஏறும், உலகம் முழுக்க இருக்கும் சொந்தமும் அப்போதுதான் வந்து இறங்கும். தை பிற்பகுதியிலிருந்து பங்குனிவரை போவதே நல்லது. மழை விட்டிருக்கும், எங்கே ஒழுகியது என்று சுவரில் கறை இன்னும் காட்டிக்கொடுக்கும்.

டிக்கெட் போடுமுன் அம்மாவின் கிளினிக் எந்தத் திகதியில் என்று கேளுங்கள். சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டில் கேட்டு அறிந்துகொண்டு, அந்த நாள் உங்கள் 11 நாளுக்குள் விழும்படி போடுங்கள்.