போன் தமிழ்: கேட்டவையும் சொன்னவையும்

கொழும்பில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். போனில் எழுதும் தமிழைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். வந்தவற்றில் சில:

வெள்ளவத்தைத் தாய்: ரீச்சர், மகன் தமிழை இங்கிலிஷ் எழுத்தில்தான் அடிக்கிறான். சோம்பல்தானே?

இப்போது சோம்பல்தான். தொடக்கத்தில் காசு. ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழ் என்றால் 70தான். அதிலும் 'கொழும்பு' நம் கண்ணுக்கு நாலு எழுத்து, போனுக்கு எட்டு. ககரம் ஒன்று, அதன் ஒகரக் குறி ஒன்று, மகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். கொஞ்சம் நீட்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ் காசு. வாட்ஸப்பில் அந்தக் கணக்கே இல்லை, ஆனால் கை பழகிவிட்டது.

கொட்டாஞ்சேனை வாசகர்: அதனால் தமிழுக்கு என்ன நட்டம்?

இங்கிலிஷ் எழுத்தில் வலி, வழி, வளி மூன்றும் 'vali' என்று ஒன்றாகிவிடும். முழங்கால் வலி எப்படி என்று தம்பி மகள் கேட்டதற்கு, "காலி வீதியால நேரே வந்து கோயிலடியில திரும்பு" என்று பதில் போட்டவள் நான். ஆனாலும் ஊகித்து வாசிப்பது நமக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகரமா ஏகாரமா என்றும் தெரியாது. வாசிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்தார்.

பல்கலைக்கழக மாணவி: 'சரி'க்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால் கோபமா?

2015இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஒற்றைச் சொல் பதிலுக்குப் புள்ளி வைத்தால், மனமில்லாமல் சொன்னதுபோல் மாணவர்களுக்குப் பட்டதாம். அதையே தாளில் கையால் எழுதிக் காட்டியபோது அப்படித் தோன்றவில்லை. நான் வைப்பது பழக்கத்தால். என் பிள்ளைகளுக்கும் யாராவது இதைச் சொல்லுங்கள்.

மட்டக்குளி வாசகர்: சிங்களமும் கலக்கிறார்களே?

சிங்களவரும் சொல்லும் 'மச்சான்' எந்த மொழி, சொல்லுங்கள் பார்ப்போம்! ஒரே மூச்சில் மூன்று மொழி கதைப்பது இந்த ஊரில் போனுக்கு முந்திய பழக்கம்.

இன்னொரு ஆசிரியை: ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் எழுத்து இதனால்தான் கெட்டதா?

லகர ளகரக் குழப்பத்தை நான் போன் வருவதற்கு முன்பே சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். எனக்குக் கவலை வேறு. கனடா நகரின் பெயரை இலங்கைத் தமிழர் நாங்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவோம். என் போன் அதை இந்தியத் தமிழ் வழக்கில் 'டொராண்டோ' ஆக்கப் பார்க்கிறது. அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் திருத்தித்தான் அனுப்புகிறேன்.