துணியை நாமே வாங்கி சூட் தைப்பது: கேள்வி பதில்

துணியைத் தனியாக வாங்கி, தையல் கூலி மட்டும் கொடுத்து சூட் தைத்துக்கொள்வது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் வெட்டுமேசைப் பக்கம் நின்று பழகியவன் என்பதால், துணி வியாபாரிகளுக்குப் பிடிக்காத பதில்களும் இதில் வரும்.

சார், நல்ல கம்பளித் துணி ஒன்று மூன்று மீட்டர் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் டெய்லரைத் தேடலாமா?

வேண்டாம். டெய்லர்தான் முதலில். காரணங்கள் உண்டு. சிலர் வெளித்துணியைத் தொடவே மாட்டார்கள். துணியில் வரும் லாபம் அவர்கள் வருமானத்தில் ஒரு பங்கு. தவிர, துணி சுருங்கினாலோ சாயம் விட்டாலோ பழி தன் தலையில் விழும் என்ற பயமும் இருக்கும். இரண்டுமே நியாயம்தான்.

இன்னொன்று, எத்தனை மீட்டர் வேண்டும் என்று சொல்ல வேண்டியது வெட்டுபவர், விற்பவர் அல்ல. 150 செ.மீ. அகலத் துணியில் சராசரி உடம்புக்கு கோட்டும் பேன்ட்டும் சேர்த்து 3.2 முதல் 3.5 மீட்டர் ஆகும். ஒல்லியான, உயரம் குறைந்த ஆளுக்கு, அதுவும் கோடு கட்டம் இல்லாத துணியில், மூன்று மீட்டரில் ஒப்பேற்றலாம். வெயிஸ்ட்கோட்டும் வேண்டுமென்றால் இன்னும் 60 முதல் 75 செ.மீ. பெரிய கட்டம் போட்ட துணி என்றால் கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும், அதற்குத் தனியாக விட வேண்டும். ஃபிளானல், கார்டுராய், வெல்வெட் போல ஒரு பக்கம் சாய்ந்த மயிர் உள்ளவற்றில் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டியாக வேண்டும். திருப்பி வைத்து மிச்சம் பிடிக்க முடியாது. மறந்துபோய்த் திருப்பி வெட்டினால் கோட்டின் ஒரு பாதி வேறு நிறமாகத் தெரியும்.

அகலத்தையும் கேளுங்கள். கைத்தறியில் நெய்த லினன், பட்டு சிலது 75 செ.மீ. அகலத்தில்கூட வரும். அப்போது நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கரையில் ‘சூப்பர் 150’ என்று நெய்திருக்கிறது. எண் கூடினால் துணி உசத்திதானே?

மென்மை கூடும், உசத்தி என்பது வேறு. அந்த எண் கம்பளி இழையின் தடிமனை மட்டும் சொல்கிறது. சர்வதேசக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் இழை சராசரியாக 18.75 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. எண் பத்து ஏறும்போதெல்லாம் அரை மைக்ரான் குறையும். அந்தக் கணக்கில் 150 என்பது 16.25 மைக்ரான். நூலை எப்படி முறுக்கினார்கள், எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள், கடைசியில் எப்படிப் பதம் செய்தார்கள் என்பது பற்றி அந்த எண் வாயே திறக்காது. ஒரு துணியின் ஆயுள் அடங்கியிருப்பது அவற்றில்தான்.

நுண்ணிழைத் துணி கையில் வழுக்கும், அழகாக விழும். ஆனால் உட்கார்ந்து எழுந்தால் கசங்கும், தொடை உரசும் இடத்தில் சீக்கிரம் நைந்துபோகும். வாரம் இரண்டு மூன்று நாள் போடும் சூட்டுக்கு 100 முதல் 120 வரை போதும். பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டிலும் இரட்டைப் புரி நூலா, அதாவது இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் தைரியமாக வாங்கலாம்.

பாலியஸ்டர் கலந்த துணியின் கரையில் ‘சூப்பர்’ என்று பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த விதியில் அதற்கு இடமே இல்லை. கரை எழுத்தை எந்தத் தறியிலும் நெய்துவிடலாம். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதும் அப்படித்தான்.

அப்படியென்றால் அசல் கம்பளிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது அண்ணா?

வெட்டு ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவுங்கள். இரண்டையும் உருவ வேண்டும். ஒரு பக்கம் கம்பளி, மறுபக்கம் கலப்பு என்று நெய்த துணிகள் உண்டு. இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் நெருப்புக் காட்டுங்கள். கம்பளி தயக்கத்தோடு பொசுங்கும், தலைமுடி கருகும் வாசம் வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறிய பின் கெட்டியான மணியாக நிற்கும், நசுங்காது. கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும். தலைமுடி வாசமும் வரும், நடுவில் கடினமாக ஏதோ தட்டுப்படவும் செய்யும்.

வெயில் அதிகமான ஊரில் இருப்பவன் நான். இருப்பதிலேயே எடை குறைந்த துணியை வாங்கினால் சரியா?

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. எடையைவிட நெசவு முக்கியம். நெருக்கமாக நெய்த, மீட்டர் நீளத்துக்கு 230 கிராம் துணி காற்றை மறிக்கும். முறுக்கு ஏறிய நூலில், இடைவெளி விட்டுச் சாதா நெசவில் நெய்த 300 கிராம் துணி காற்றை விடும், கசங்கவும் செய்யாது. ‘ஃப்ரெஸ்கோ’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இந்த வகை. விளக்குக்கு எதிரே பிடித்தால் நூலுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், அதனால் பேன்ட்டுக்கு முழங்கால் வரை லைனிங் கேளுங்கள். கோட்டுக்கு முதுகில் பாதி லைனிங் போதும். முழுக்கப் பாலியஸ்டர் லைனிங் போட்டுவிட்டால் துணிக்குக் கொடுத்த காசு வீண்.

எடையை ஒப்பிடும்போது ஒன்று கவனியுங்கள். சில ஆலைகள் ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை சொல்லும், சில சதுர மீட்டருக்குச் சொல்லும். 150 செ.மீ. அகலத்தில் சதுர மீட்டருக்கு 250 கிராம் என்றால் நீள மீட்டருக்கு 375 கிராம். அவுன்ஸில் சொன்னால், கஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்பது மீட்டருக்குச் சுமார் 31 கிராம்.

துணியைப் பிரித்துப் பார்த்தால் கரையில் ஓரிடத்தில் வெள்ளை நூல் ஒன்று கட்டித் தொங்குகிறது. எதற்கு?

அந்த நேரில் துணியில் எங்கோ பழுது இருக்கிறது என்று ஆலை போட்ட அடையாளம். அறுந்த பாவு, தடித்த ஊடை, எண்ணெய்க் கறை, ஏதாவது ஒன்று. நூலுக்கு நேர் குறுக்கே துணியை விரல் விரலாகத் தடவிக்கொண்டே போங்கள், அகப்படும். பழுதுக்கு ஈடாகக் கொஞ்சம் நீளம் கூட்டிக் கொடுப்பது வழக்கம், கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, அந்த நூலைப் பிடுங்கிவிடாமல் அப்படியே டெய்லரிடம் கொடுங்கள். பழுது கோட்டின் மார்பில் வராமல் உள்மடிப்பில் போகும்படி அவர் வெட்டிக்கொள்வார்.

தாத்தா பெட்டியில் பழைய சூட் துணி ஒன்று வெட்டாமல் இருக்கிறது. தைக்கலாமா?

தைக்கலாம், அந்தக் காலத்துக் கனத்த துணி அற்புதமாக நிற்கும். முதலில் ஜன்னல் பக்கம் விரித்துப் பிடித்து அந்து அரித்த ஓட்டை பாருங்கள். மடிப்புக் கோடு வெளுத்திருந்தால் அது போகாது, அதைத் தவிர்த்து வெட்டத் துணி போதுமா என்று கேட்க வேண்டும். ஓரத்தைப் பாவுத் திசையில் ஒரு முறை, ஊடைத் திசையில் ஒரு முறை நன்றாக இழுங்கள். ‘பட்’டென்று கிழிந்தால் ஞாபகார்த்தமாக மடித்து வைத்துவிடுங்கள்.

நல்ல டெய்லர் என்று எதை வைத்து முடிவு செய்வது? விளம்பரம் பார்த்தால் எல்லாருமே ராஜா வீட்டு டெய்லர்தான்.

விளம்பரத்தை விடுங்கள். டெலிவரிக்குத் தயாராகத் தொங்கும் ஒரு கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பொம்மைக்குப் போட்ட மாதிரிக் கோட்டு வேண்டாம். கட்டம் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. பாக்கெட் மூடியில் உள்ள கோடு, கோட்டின் உடம்பில் உள்ள கோட்டோடு ஒட்டி ஓடுகிறதா? நடுமுதுகுத் தையலில் கட்டம் கூடுகிறதா? காலருக்குக் கீழே முதுகிலும் கோடு தொடர்கிறதா? கை சேரும் இடத்தில் தோள் வழவழவென்று இறங்குகிறதா, பள்ளம் விழுகிறதா? பிறகு கோட்டை உள்பக்கம் திருப்புங்கள். தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார் என்று பாருங்கள். நடுமுதுகிலும் பக்கத் தையலிலும் இரண்டு செ.மீ. அளவுக்காவது விடுபவர், நாளைக்கு உங்கள் இடுப்பு பெருக்கும் என்று தெரிந்தவர்.

அடுத்து மூன்று கேள்வி. யார் வெட்டுகிறார்? அளவெடுப்பவர் ஒருவர், வெட்டுபவர் எங்கோ ஒருவர் என்றால், உங்கள் வலது தோள் இறங்கியிருப்பது அளவுப் புத்தகத்தில் ஏறியதா என்று கேளுங்கள். எத்தனை ட்ரையல்? பெரிய நூலோட்டத்தில் தற்காலிகமாக இணைத்த நிலையில் ஒன்று, பாக்கெட் வைத்த பிறகு ஒன்று, இதற்குக் குறைந்தால் நான் யோசிப்பேன். எனக்கென்று காகிதத்தில் அச்சு வெட்டுவீர்களா, இருக்கிற அச்சைத் திருத்துவீர்களா? இரண்டிலும் நல்ல சூட் வரும், ஆனால் இரண்டுக்கும் ஒரே கூலி இல்லை.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு கை உண்டு. ஒருவர் தோளை நிமிர்த்தி வெட்டுவார், ஒருவர் வழியவிடுவார். நிமிர்த்தி வெட்டிப் பழகியவரிடம் போய் வழியும் தோள் கேட்டால் இரண்டும் இல்லாத ஒன்று கிடைக்கும்.

‘ஃபுல் கேன்வாஸ்’ கட்டாயமா?

கேன்வாஸ் என்பது கோட்டின் முன்பக்கம் உருவம் பிடித்து நிற்க உள்ளே வைத்துத் தைக்கும் துணி. முழுநீளம் கட்டாயமில்லை, மார்புப் பகுதிக்கு மட்டும் வரும் பாதிக் கேன்வாஸே பலருக்குப் போதும். பசை ஒட்டிய உள்துணி மட்டும் போட்டால் காலப்போக்கில், குறிப்பாக டிரை கிளீனிங்கில், மார்பில் குமிழ் எழும்பலாம். கீழ்ப் பொத்தானுக்குக் கீழே முன்துணியையும் உள்முகப்பையும் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியாக நழுவினால் கேன்வாஸ் அதுவரை இறங்கியிருக்கிறது. நல்ல துணியைத் தேடி வாங்கிப் பசை வைத்து ஒட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

ஐயா, என் துணியை அவர் கெடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

கொடுப்பதற்கு முன்பே பேச வேண்டிய விஷயம். அவர் முன்னாலேயே துணியை அளந்து, நீளம், நிறம், பழுது எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். ரசீதில் கரைத் துண்டு ஒன்றைப் பின் குத்தி வைத்தால் துணி மாறவும் வழியில்லை. வெட்டுவதற்கு முன் நீராவி காட்டிச் சுருக்கம் எடுக்கிறாரா, அதை நீங்கள் செய்து கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். வெட்டில் தவறு வந்தால் துணிக்கு ஈடு தருவாரா என்றும் நேராகவே கேட்கலாம், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சத் துணியைத் திருப்பிக் கேளுங்கள், பின்னாளில் ஓட்டை அடைக்க அதே துணி வேறெங்கும் கிடைக்காது.

புது டெய்லரிடம் முதலில் சாதாரணத் துணியில் ஒரு பேன்ட் தையுங்கள். அந்தப் பேன்ட் சொல்லாததை எந்தச் சிபாரிசும் சொல்லாது.

லைனிங், பொத்தான், கேன்வாஸ் எல்லாம் நானே வாங்கித் தரவா?

லைனிங்கும் பொத்தானும் உங்கள் விருப்பம். கேன்வாஸை அவரிடமே விடுங்கள், அவர் கைக்குப் பழகியதுதான் ஒழுங்காக உட்காரும்.

ட்ரையலில் எதைப் பார்க்க வேண்டும்? கண்ணாடி முன் நின்றால் எனக்கு எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது.

விறைப்பாக நிற்பதால்தான். தோளைத் தளர்த்தி, வழக்கமாக எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள். போடப்போகும் சட்டை, ஷூவோடு போங்கள். பிறகு தோள், கழுத்து, நீளம், இந்த வரிசையில் பாருங்கள். தோள் அகலம், அக்குள் வெட்டு, கோட்டின் நீளம் மூன்றும் முடிந்த பிறகு திருத்துவது மகா கஷ்டம். நீளத்தைக் குறைத்தால் பாக்கெட்டும் பொத்தானும் இடம் தவறித் தெரியும். கழுத்தில் காலர் சட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கையை முன்னால் நீட்டினாலும் இடைவெளி பெரிதாகக் கூடாது. பொத்தான் போட்டால் அந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் சுருக்கம் இழுத்தால் இறுக்கம். கை நீளம், இடுப்பு, பேன்ட் நீளம் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், அதற்காக ட்ரையல் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இரண்டு பேன்ட் தைப்பது வீண் செலவா?

இல்லவே இல்லை. கோட்டுக்கு முன்னால் பேன்ட்தான் நையும். கூடுதலாகச் சுமார் 1.3 மீட்டர். ஆனால் அதே நாளில், அதே சுருளிலிருந்து வாங்குங்கள். அடுத்த சாயத்தொட்டித் துணி கொஞ்சமாவது நிறம் மாறும், பகல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து நாளில் ஒரு விசேஷம். துணி கையில் இருக்கிறது. தைத்துவிடலாமா?

அவசரத்தில் முதலில் அடிபடுவது ட்ரையல்தான். ரெடிமேடில் தோள் சரியாகப் பொருந்துகிற ஒன்றை எடுத்து, கையையும் இடுப்பையும் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். துணியை அந்து விழாமல் மடித்து வையுங்கள், விசேஷம் முடிந்த பிறகு நிதானமாக அளவு கொடுக்கலாம்.