திட்டு வாங்கியும் அருவி ரீல்ஸ் ஏன் ஓடுகிறது?

நெல்லை மாவட்டத்து மணிமுத்தாறு, பாபநாசம் பக்கம் அருவிப் பாறையிலிருந்து டைவ் அடித்து, "பயந்தவனெல்லாம் கரையிலே உக்காரு" என்று வம்பிழுக்கிறார்களே, திட்டுதானே விழுகிறது, அப்புறமும் ஏன் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் திட்டுக்காகத்தான். எத்தனை பேர் பார்க்கிறார்கள், கமெண்ட் போடுகிறார்கள், பகிர்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் இன்ஸ்டாகிராம் ஒரு ரீலை மேலும் பலருக்குத் தள்ளுகிறது. "ஏலே, செத்துப் போவ" என்று நீங்கள் எழுதுவதும் அந்தக் கணக்கில் சேரும். கமெண்டில் இருவர் மல்லுக்கட்டினால் போட்டவருக்குக் கொண்டாட்டம்.

ஆற்றங்கரைப் பையன்களின் டைவ் அழகுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பே இறங்கி ஆழம் பார்த்தது, பாசி பிடித்த பாறை, அணை திறந்தால் மாறும் இழுப்பு எதுவும் ரீலில் வராது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை நடவடிக்கையும் வரலாம். பிடிக்கவில்லையா, சண்டைக்குப் போகாமல் ரிப்போர்ட் அடியுங்கள்.