லெக்கின்ஸ் மடிப்பில் தையல் விட்டுப்போகிறதா?

கேள்வி: பெங்களூர் ஜீவன் பீமா நகரில் இருக்கிறேன். ஜிக்ஜாக் வசதியுள்ள சிறிய மின் தையல் மெஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பருத்தித் துணியை ஒழுங்காகத் தைக்கிறது. மகளின் லெக்கின்ஸ், டி-ஷர்ட்டை அடி மடித்துத் தைத்தால் மட்டும் தையல் விட்டுவிட்டு விழுகிறது. மடிப்பு அப்பளம்போல நெளிகிறது. மெக்கானிக் ‘டைமிங் போய்விட்டது’ என்கிறார். கடைக்காரர் ஓவர்லாக் மெஷின் வாங்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: மெக்கானிக்குக்கென்று எடுத்துவைத்த பணத்தை முதலில் பீரோவில் திருப்பி வையுங்கள். டைமிங் என்பது ஊசியும் அடியில் சுழலும் கொக்கியும் சரியான நேரத்தில் சந்திப்பது. அது கெட்ட மெஷின் பெரும்பாலும் பருத்தித் துணியிலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கோளாறு ஊசியில். லெக்கின்ஸ், டி-ஷர்ட் எல்லாம் பனியன் துணி; அது கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. சாதாரண ஊசி மேலே ஏறும்போது துணியும் கூடவே எழும்பும்; அடியில் சுழலும் கொக்கிக்கு நூல் வளையம் அகப்படாது. ‘ஸ்ட்ரெச்’ ஊசி என்று கேளுங்கள், 75/11 எண். அதன் முனை மழுங்கலாக இருப்பதால் கண்ணியை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். சிக்பேட்டையில் ‘எல்லா ஊசியும் ஒன்றுதான்’ என்று உதிரியாக நீட்டுவார்கள். உறையில் ‘ஸ்ட்ரெச்’ என்ற சொல் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நானும் ஏமாந்தவள்தான். இரண்டு முறை ‘டைமிங்’ பார்க்கப் பணம் கொடுத்தேன். பொம்மனஹள்ளி ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெண் ஊசியை மாற்றி அரை நிமிடத்தில் சரிசெய்தாள். நான் படித்த தையல் வகுப்பில் ஆறு மாதமும் ரவிக்கை, பாவாடைதான். வீட்டில் எல்லோரும் பனியன் துணியில் நடமாடுகிறோம். சான்றிதழில் முத்திரை குத்துகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

அடுத்து ஓவர்லாக். கடையில் வாங்கும் டி-ஷர்ட்டின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: வெளியே இரண்டு கோடு, உள்ளே வலைபோல நூல். அது பிளாட்லாக் மெஷின் வேலை. திருப்பூரில் ‘பேட்லாக்’ என்பார்கள். ஓவர்லாக் துணிகளை இணைத்து, விளிம்பை வெட்டிச் சுற்றிக் கட்டும், அவ்வளவே. மடிப்புத் தைக்க அதை வாங்கச் சொல்பவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது கமிஷன் நன்றாகத் தெரியும். பனியன் துணியின் விளிம்பு நெய்த துணிபோலப் பிசிறாது. 2 செ.மீ. ஒற்றை மடிப்பே போதும்.

ஜிக்ஜாக்கை அகலம் 1, நீளம் 2.5 என்று வையுங்கள். பாலியெஸ்டர் நூல் போடுங்கள். நேர்த்தையல் போட்டால், காலை நுழைக்கும்போது துணி விரியும், நூல் விரியாது, பட்டென்று அறும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: அகலமான பலாசோ. மடிப்பைக் குண்டூசியால் குத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். துணியை இழுக்காமலே பாதம் நுழைந்தால் நேர்த்தையல் போதும், நீளம் 3. அதே பலாசோவின் அடியில் இறுக்கமான பட்டி இருந்தால் போதாது. தளர்வான நைட்டிக்குப் போதும். ஆனால் அதன் கழுத்துக்குப் போதாது, தலை நுழைய வேண்டுமே. உடையின் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த இடம் விரிய வேண்டுமா என்று பாருங்கள்.

நெளிவுக்குக் காரணம் உங்கள் கைதான். பின்னாலிருந்து துணியை இழுக்கிறீர்கள். விடுங்கள், மெஷினின் பல் நகர்த்தும். அப்போதும் நெளிந்தால் துணிக்கு அடியில் பட்டர் பேப்பர் துண்டு வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தைத்தபின் நீராவி இஸ்திரியை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

நீளம் குறைக்க வெட்டிய துண்டில் முதலில் தைத்து, இழுத்துப் பாருங்கள். அப்போதும் தையல் விட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதே துண்டில் அவர் தைத்துக் காட்டிய பிறகு கூலி கொடுங்கள்.