சேத்துல டயர் சுத்தினா மோட்டார் தாங்குமா? – கேள்வி பதில்

போச்சம்பள்ளி: அண்ணா, மழைக்கு அப்புறம் மாந்தோப்புல எலக்ட்ரிக் கார் மாட்டிக்கிச்சு. ஒரு முன்சக்கரம் மட்டும் சுத்துது, வண்டி நகரல. மோட்டார் எரிஞ்சிடுமா?

சும்மா சுத்துறதால எரியாது தம்பி. பிடிமானம் இல்லன்னா மோட்டாருக்குப் பாரமே இல்ல, கரன்ட்டும் அவ்வளவா இழுக்காது. வேகம் எகிறினா கன்ட்ரோலர் உடனே இழுவையைக் குறைச்சிடும். நீங்க மிதிச்சும் வண்டி மந்தமா இருக்கிறது அதனாலதான்.

பயப்பட வேண்டியது வேற ரெண்டு விஷயத்துக்கு. வேகமா சுத்துற சக்கரம் சட்டுனு ஒரு கல்லுல பிடிச்சா, ரோட்டரோட (மோட்டாருக்குள்ள சுத்துற பாகம்) வேகம் மொத்தமும் ஆக்சில் மேலயும் கியர் பல்லு மேலயும் அடியா விழும். நடுவுல கிளட்ச் கிடையாது பாருங்க. இன்னொண்ணு, சக்கரம் அசையாதப்ப மிதிச்சுப் பிடிக்கிறது. மோட்டார் சுத்துறப்ப மூணு ஃபேஸும் (மோட்டாரோட மூணு கம்பிச்சுருள் தொகுப்பு) கரன்ட்டை மாத்தி மாத்திப் பங்கு போட்டுக்கும். நின்னுட்டா பாரம் ஒரே இடத்துல தங்கி, இன்வெர்ட்டர்ல (பேட்டரி கரன்ட்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற கருவி) அந்தப் பகுதி மட்டும் கொதிக்கும். சுத்துறதைவிட இதுதான் கெடுதல்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

காலை எடுத்துடுங்க. டயருக்கு முன்னாடி செம்மண்ணை வாரி எடுத்துட்டு, தென்னை மட்டையோ ஜல்லியோ போட்டு, மெதுவா மிதிச்சு ஏத்துங்க.

ஓசூர்: டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிடுக்கும் (இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த கார்) இதேதானா சார்?

கொஞ்சம் கூடுதல் சிக்கல். 1997ல டொயோட்டாவோட பிரியஸ் கார் கொண்டுவந்த வழிதான் அதுலயும். இன்ஜின், மோட்டார், ஜெனரேட்டர் மூணும் பிளானட்டரி கியர்ல (நடுப் பல்சக்கரத்தைச் சுத்தி சின்னப் பல்சக்கரங்கள் ஓடுற அமைப்பு) கோத்திருக்கு. சக்கர வேகம் தாவினா மோட்டாரும் கூடவே தாவும், ஜெனரேட்டர் வேகமும் தாறுமாறா மாறும். அதனால கம்ப்யூட்டர் முந்திக்கிட்டு பவரை வெட்டும். அது கோளாறு இல்ல. பெல்ட்ல ஓடுற மைல்டு ஹைப்ரிடுக்கு (சின்ன மோட்டார் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யுற வண்டி) இந்தக் கவலை வேண்டாம்.

தருமபுரி: தொப்பூர் இறக்கத்துல, மழையில ரீஜென் (மோட்டாரே பிரேக் பிடிச்சு பேட்டரியை ஏத்துறது) அதிகமா வைக்கலாமா?

வேண்டாம்மா, குறைச்சு வைங்க. முன்சக்கர மோட்டார் வண்டின்னா ரீஜென் முன்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஈரத்துல அது வழுக்கினா கார் ரீஜெனை விட்டுடும், வண்டி திடீர்னு முன்னாடி பாயுற மாதிரி இருக்கும். வேகத்தை மேலயே குறைச்சுட்டு, கால் பிரேக்கை நம்பி இறங்குங்க. சேலம் போறப்ப தருமபுரியில 100 சதவீதம் சார்ஜ் ஏத்தாதீங்க. பேட்டரி நிரம்பியிருந்தா ரீஜென் சரியா வேலை செய்யாது.

அஞ்செட்டி: தம்பி, டிராக்டர்ல கட்டி இழுக்கலாமா?

சேத்துல இருந்து நாலடி வெளிய எடுக்க இழுக்கலாம் ஐயா. நியூட்ரல்ல போட்டு, அதுக்குன்னு இருக்கிற கொக்கியில கட்டி, மெதுவா. ரோட்டுல உருட்டிக்கிட்டே மட்டும் போகாதீங்க. நிறைய வண்டியில ரோட்டர்ல நிரந்தர காந்தம் இருக்கு. சக்கரம் உருண்டா மோட்டார் தானா மின்சாரம் தயாரிச்சு இன்வெர்ட்டருக்கு அனுப்பி அதைக் கெடுத்துடலாம். நாலு சக்கரமும் மேல ஏறுற ஃபிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்க.