கேள்வி – பதில்: திரும்பி வராத கொடையாளர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக ரத்ததான அமைப்பு ஒன்றை நடத்திவருகிறோம். கல்லூரி முகாம்களுக்கு மாணவ மாணவியர் ஆர்வத்துடன் வருகிறார்கள், மறுமுறை வருவதில்லை. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு நடக்கும் எங்கள் கூட்டத்திலும் பழைய முகங்களே தென்படுகின்றன. என்ன செய்வது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கொடுக்க வந்து, முடியாமல் திரும்பியவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குறை அங்கேதான் தொடங்குகிறது என நினைக்கிறேன்.

கொடையாளருக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம் ஹீமோகுளோபின் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே, வீட்டாரின் தயக்கத்தை மீறி வரிசையில் நின்ற மாணவி, விரலில் குத்திப் பார்த்த மறுநொடியே, தோழியர் முன்னிலையில் "உனக்கே ரத்தம் பத்தாது, போம்மா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவது அரிதாக நடப்பதன்று. அவர் மீண்டும் ஏன் வரவேண்டும்?

சோதனை மேசைக்குப் பக்கத்தில் பொறுமையான தொண்டர் ஒருவரை அமர்த்துங்கள். திருப்பி அனுப்பப்படுபவரிடம் அவர் தனியாகப் பேசி, காரணத்தை விளக்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை பெற வழிசொல்லட்டும். அமைப்பில் வேறு பணி ஏற்க விருப்பமா என்றும் கேட்கட்டும். நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது, பட்டியலைப் பார்த்து, உரிய வகை ரத்தம் உள்ளவர் கடைசியாக எப்போது கொடுத்தார் என்று சரிபார்த்து அழைப்பவர்தானே உங்கள் அமைப்பின் முதுகெலும்பு? அந்த வேலைக்கு 12.5 தேவையில்லை.

முதன்முறை கொடுப்பவர்களுக்கு, அதிலும் இளையவர்களுக்கு, மயக்கம் வருவது சற்று அதிகம். சற்று முன்னதாக அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் செய்தால் அது குறையும். மறுநாள் ஒருமுறை நலம் விசாரியுங்கள். ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் கழிந்தபின் மீண்டும் அழையுங்கள். அவசரத்துக்கு மட்டுமே அழைப்பு வந்தால், தம்மைப் புட்டியாகத்தான் பார்க்கிறார்கள் என்ற எண்ணமே எழும்.

ஐம்பது முறை கொடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதைக் குறைகூறவில்லை. ஆனால் அந்த விழா முடியும்வரை, முதல்முறை கொடுத்தவர் கையில் பிஸ்கட்டுடன் யாரும் கவனியாமல் உட்கார்ந்திருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: செவ்வாய் இரவு எட்டு மணிக்கு எந்த விடுதியிலிருந்து மாணவிகளை வெளியே விடுவார்கள்? கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றிப் பாருங்கள்.